குடியை விட்டவர் சொன்னால் ஏன் காதில் ஏறுகிறது?

1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரம். வந்த வியாபாரம் கைகூடாமல் ஓட்டலில் தனியே நின்றார் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மதுக்கூடம் இழுத்தது. அவரோ தொலைபேசியை எடுத்து இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர், பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம் மட்டும் என்று ஒப்புக்கொண்டவர், மணிக்கணக்கில் பேசினார். அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ குழு.

கவனியுங்கள், வில்சன் தேடியது தன்னைக் காப்பாற்றும் ஆளை அல்ல; தான் கைகொடுக்க ஓர் ஆளை! உதவி செய்பவரே அதனால் குணமடைகிறார் என்ற இந்த உண்மையை 1965-இல் ஆய்வாளர் பிராங்க் ரீஸ்மன் ஒரு கோட்பாடாக எழுதினார். கேட்பவருக்கோ வெட்கம் உடைகிறது. எதிரே இருப்பவரும் அதே பள்ளத்தில் கிடந்தவர்தானே, அவரிடம் எதை மறைப்பது?

இன்னொன்று, சேர்க்கை. பழைய கூட்டாளியைக் கண்டாலே மூளையில் குடிவேட்கை எழும். அந்த இடத்தில் குடிக்காத நண்பர்கள் வந்து அமர்வதே இக்குழுக்கள் பலன் தரும் முக்கிய வழி என ஆய்வுகள் காட்டுகின்றன. 27 ஆய்வுகளை, 10,565 பேரை அலசிய 2020-ஆம் ஆண்டு ‘காக்ரேன்’ மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, முழுமையாகக் குடியை நிறுத்துவதில் இந்த வழிமுறை மற்றச் சிகிச்சைகளை விட மேலோங்கியதாகச் சொன்னது.

ஆனால் நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். கூடவே குழுவுக்கும் போங்கள்.