பழைய நாடகம் புதுசை அடித்தது! சனி, ஞாயிறு இரவைப் பிடிக்க டி.வி.க்களுக்குள் போட்டா போட்டி

அமிர்தி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மிருகக்காட்சி சாலையைப் பார்க்க வந்த கூட்டம் பஸ் ஏறிப் போய்விட்டால், ஜவ்வாது மலை அடிவாரத்தில் சத்தம் அடங்கிவிடும். இங்கிருந்து வேலூர் சுமார் 25 கிலோ மீட்டர். இருட்டின பிறகு பொழுதுபோக்கு என்றால் டி.வி. பெட்டி ஒன்றுதான்.

அந்தப் பெட்டியில் என்ன போடுகிறார்கள்? அதைப் பார்க்க மாசம் எவ்வளவு கட்ட வேண்டும்?

அமிர்திக்கு மட்டும் அல்ல, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் வியாபாரம் நடக்கும் ஊர்கள் எல்லாவற்றிலும் இதே கேள்விதான். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு ஆறு நாளும் வேலை. ஷிப்ட் முடிந்து வீடு வந்து, சோறாக்கி, பாத்திரம் கழுவுவதற்குள் சீரியல் பாதி ஓடிவிடும். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்வது சனி ராத்திரியும் ஞாயிறு ராத்திரியும்தான். அந்த இரண்டு இரவுக்காகத்தான் டி.வி. கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டுகின்றன.

அப்பேர்ப்பட்ட போட்டியில் ஒரு தடவை, பைசா செலவில்லாத பழைய நாடகம் வந்து எல்லோரையும் மண்ணைக் கவ்வ வைத்தது!

ஒரே வாரத்தில் திருப்பம்

நடந்தது 2020-ம் வருடம், மார்ச் மாதம்.

கொரோனா பயத்தில் மார்ச் 19 முதல் சினிமா, சீரியல் ஷூட்டிங் எல்லாம் நின்றது. 25-ந் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. வீட்டை விட்டு யாரும் வெளியே வர முடியவில்லை. எல்லா வீட்டிலும் டி.வி. ஓடுகிறது. ஆனால் எந்த சேனலிடமும் புதுச் சரக்கு இல்லை!

அப்போதுதான் தூர்தர்ஷன் அலமாரியைத் திறந்தது. மார்ச் 28, சனிக்கிழமை. ராமானந்த் சாகர் எடுத்த 'ராமாயண்' மறுபடியும் ஒளிபரப்பானது. காலை 9 மணிக்கு ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று. 1987-ல் முதன்முதலில் வந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவைக் காலி செய்த அதே தொடர்தான்.

ரேட்டிங் எடுக்கும் 'பார்க்' அமைப்பு கணக்கைச் சொன்னதும் டி.வி. வட்டாரமே ஆடிப்போனது. சனி காலை 3 கோடியே 40 லட்சம் பேர். அன்று இரவு 4½ கோடி. ஞாயிறு காலை 4 கோடி. ஞாயிறு இரவு 5 கோடியே 10 லட்சம்!

கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு நாளும் காலையை விட இரவில்தான் கூட்டம் அதிகம். 33 வருடத்துப் பழைய நாடகம் வார இறுதி இரவையே வளைத்துப் பிடித்துவிட்டது.

பின்னாலேயே 'மகாபாரத்' வந்தது. 'பியோம்கேஷ் பக்ஷி', ஷாருக்கான் சின்ன வயதில் நடித்த 'சர்க்கஸ்', 'சக்திமான்' எல்லாம் வரிசையாக வந்தன. பழசுக்கென்றே 'டி.டி. ரெட்ரோ' என்று தனி சேனலும் ஏப்ரல் மாதம் தொடங்கப்பட்டது.

உலக சாதனையா?

ஏப்ரல் 16-ந் தேதி இரவு 'ராமாயண்' பார்த்தவர்கள் 7 கோடியே 70 லட்சம் பேர், இது உலக சாதனை என்று தூர்தர்ஷன் அறிவித்தது.

உடனே மறுப்பும் கிளம்பியது. அமெரிக்காவில் 'மேஷ்' என்ற தொடரின் கடைசிக் காட்சி 1983 பிப்ரவரி 28-ல் ஒளிபரப்பானபோது, 10½ கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்ததாகக் கணக்கு இருக்கிறது.

சாதனையோ இல்லையோ, ஒன்று நிஜம். கேட்பாரற்றுக் கிடந்த தூர்தர்ஷன் சில வாரங்களுக்கு நாட்டின் முதல் வரிசைக்கு வந்தது.

தமிழில் யார்?

தமிழ்நாட்டில் இந்தி ராமாயணம் அந்த அளவுக்கு எடுபடவில்லை. இங்கே வேறு கதை நடந்தது.

சன் டி.வி.யில் ராதிகாவின் 'சித்தி-2' 2020 ஜனவரியில்தான் தொடங்கியிருந்தது. 1999-ல் வந்து வீட்டுக்கு வீடு பேசப்பட்ட 'சித்தி'யின் பெயரைத்தான் மறுபடி தூசு தட்டி எடுத்தார்கள். இரண்டே மாதத்தில் ஷூட்டிங் நின்றது.

அந்த ஊரடங்குக் காலத்தில் 'மெட்டி ஒலி' திரும்ப வந்தது. திருமுருகன் இயக்கி 2002 முதல் 2005 வரை ஓடிய தொடர். அஞ்சு பொண்ணைப் பெற்ற அப்பா, ஒவ்வொருத்தியையும் கட்டிக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டு வாசலில் கைகட்டி நிற்கும் கதை. அப்பாவாக டெல்லி குமார். 800-க்கும் மேற்பட்ட வாரநாள் பகுதிகள்.

முதல் தடவை அதை மடியில் படுத்துக்கொண்டு பார்த்த பிள்ளைகள், இரண்டாம் தடவை தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

அடுத்து என்ன என்று தெரிந்த கதைதான். தெரிந்ததால்தான் பார்த்தார்கள். வெளியில் நாளைக்கு என்ன நடக்குமோ என்று யாருக்கும் தெரியாத நேரம் அது.

ஒரு பக்கம் விருந்து, ஒரு பக்கம் பட்டினி

பழைய நாடகம் போடுவதில் சேனலுக்கு லாபம். செட் வாடகை இல்லை, மேக்கப் இல்லை, லைட் இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை.

ஆனால் அந்த லைட்டைத் தூக்குகிறவருக்கு? அன்றைக்கு பேட்டா இல்லை.

தென்னிந்திய திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் சுமார் 25 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தினக்கூலிகளுக்கு அரிசிக்கு வழியில்லை, உதவுங்கள் என்று சம்மேளனமே 2020 மார்ச்சில் நடிகர்களிடம் வேண்டுகோள் விட வேண்டி வந்தது. மே மாதக் கடைசியில்தான் 60 பேருக்கு மிகாமல் சீரியல் ஷூட்டிங் நடத்தத் தமிழக அரசு அனுமதி கொடுத்தது. ஜூனில் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு வந்தது. மறுபடி வேலை போனது.

எழுதியவர் பங்கும் இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, தியேட்டரைத் தவிர வேறு இடங்களில் படைப்பு பயன்படும்போது கதை வசனம், பாட்டு எழுதியவருக்கு ராயல்டியில் சரிபாதி உரிமை உண்டு. அதை எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. சட்டம் அப்படிச் சொல்கிறது.

ஞாயிறு யாருடையது?

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது முதல் பல வருடம் ஒரே சேனல்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. ஞாயிறு சாயங்காலம் தமிழ்ப் படம். ஒருத்தர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து 'தெரியுது, தெரியுது, அப்படியே விடு' என்று இன்னொருத்தர் கத்துவார்.

நாடகமும் சளைத்தது அல்ல. சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை' வந்தது. குடியால் அழியும் மனிதனாக ரகுவரன் நடித்தார். பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' வந்தது. எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்கள்' வந்தது.

அந்த நாளில் தூர்தர்ஷன் தொடர் என்றால் பெரும்பாலும் 13 வாரம். வாரம் ஒன்று, மூன்று மாதத்தில் கதை முடிந்துவிடும். ஆறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை விடத் தோதான கணக்கு கிடையாது. ஒரு நாள் பார்த்தால் ஒரு வாரக் கதை கையில் இருக்கும்.

1993-ல் சன் டி.வி. வந்தது. கேபிள் வந்தது. 2006-ல் தமிழக அரசின் இலவச கலர் டி.வி. திட்டம் தொடங்கி சுமார் ஒன்றரைக் கோடி வீடுகளுக்குப் பெட்டி போனது. 2011-ல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது.

இப்போது சனி, ஞாயிறு என்றால் விஜய் டி.வி.யில் பாட்டுப் போட்டி, 'குக் வித் கோமாளி', 'பிக் பாஸ்'. சனி, ஞாயிறுக்கு மட்டும் வந்து விசாரணை நடத்திய கமல்ஹாசனுக்காகவே 2017 முதல் பார்த்தவர்கள் உண்டு. 2024-ல் அந்த நாற்காலிக்கு விஜய் சேதுபதி வந்தார். சன் டி.வி. சீரியலை சனிக்கிழமைக்கும் நீட்டியது.

பழைய பெயருக்கு மவுசும் குறையவில்லை. 'பாரதி கண்ணம்மா-2', 'பாண்டியன் ஸ்டோர்ஸ்-2', 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று ஒரு தடவை ஜெயித்த தலைப்பையே மறுபடி ஏலம் விடுகிறார்கள்.

எண்ணுவது யார்?

எது ஜெயித்தது என்று முடிவு கட்டுவது ரேட்டிங் மீட்டர். 2020-ல் நாடு முழுக்க சுமார் 44 ஆயிரம் வீடுகளில்தான் அந்த மீட்டர் இருந்தது. எந்த வீடு என்பது ரகசியம்.

ரகசியம் கசிந்தது என்றுதான் புகார் எழுந்தது! மீட்டர் வைத்த வீடுகளுக்குப் பணம் கொடுத்து ஒரே சேனலை ஓட விட்டதாக 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. செய்திச் சேனல்களின் வாரக் கணக்கையே 'பார்க்' ஒரு வருடத்துக்கும் மேல் நிறுத்தி வைத்தது. பிறகு மகாராஷ்டிர அரசே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது.

அந்த 44 ஆயிரம் வீடு சொன்னதுதான் அன்றைக்குக் கோடிக்கணக்கான வீட்டின் ருசி. மலையடிவாரத்து வீட்டுக்காரர் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று அவர் வாசலுக்கு வந்து யாரும் கேட்பதில்லை.

சில்லறைக் கணக்கு

2019 பிப்ரவரியில் டிராய் புது விதி அமலுக்கு வந்தது. கேபிளோ டிஷ்ஷோ, அடிப்படைக் கட்டணம் அப்போது 130 ரூபாய் வரை இருந்தது, அதற்கு மேல் வரி. கட்டண சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. சன் டி.வி. அப்போது மாசம் 19 ரூபாய்.

நாலு சேனல் சேர்த்தால் பில் எங்கே போகும் என்பது கடைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாசக் கட்டணமே இல்லாதது தூர்தர்ஷனின் 'பிரீ டிஷ்'. ஒரு தடவை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கி மாட்டினால் போதும். கம்பி இழுக்க முடியாத மலையோரத்துக்கு இதுதான் தோது. ஆனால் சன், விஜய், ஜீ தமிழ் அதில் வராது. அங்கே தமிழுக்கு முதலில் கை போவது தூர்தர்ஷனுக்குத்தான். பொதிகை என்று இருந்த அந்த சேனல் 2024 ஜனவரி 19-ல் 'டி.டி. தமிழ்' என்று பெயர் மாறியது.

2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற செல்போன் செயலியையும் பிரசார் பாரதி கொண்டுவந்தது. 'ராமாயண்', 'மகாபாரத்', 'ஹம் லோக்' போன்ற பழைய தொடர்களை அதில் பார்க்கலாம்.

நல்ல விஷயம்தான். ஆனால் செல்போனில் ஒருத்தர்தான் பார்க்க முடியும். அதுவும் டவர் கிடைத்து, டேட்டா தீராமல் இருந்தால்! பாட்டியும் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்க ஹாலில் இருக்கும் பெட்டிதான் வேண்டும்.

பதிமூணு வாரம் போதும்

2020-ல் பழைய நாடகம் ஜெயித்ததற்குக் காரணம் அது பழசு என்பது மட்டும் அல்ல. வீடே ஒன்றாக உட்கார்ந்திருந்தது. நேரம் இரவு 9 மணி. காசும் கேட்கவில்லை. மூன்றும் சேர்ந்ததால்தான் ஜெயித்தது.

ஊரடங்கு போய்விட்டது. சனி, ஞாயிறு போகவில்லை. கட்டணம் இல்லாத டிஷ்ஷும் இருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சியின் 13 வாரத் தமிழ் நாடகங்களில் கைவசம் இருப்பதை சனி, ஞாயிறு இரவு நேரத்தில், எழுதியவர், நடித்தவர் பங்கைக் கொடுத்துவிட்டு வரிசையாகப் போட்டுப் பார்க்கட்டும். புதுசாக அதே 13 வாரக் கணக்கில் எடுத்தால், லைட் தூக்குகிறவருக்கும் வேலை கிடைக்கும்.

ரேட்டிங்கில் ஜெயிக்குமா, தோற்குமா என்பது அப்புறம். திங்கட்கிழமை விடிந்தால் வேலைக்கு ஓட வேண்டிய குடும்பம், ஞாயிறு ராத்திரி ஒரு கதையை முழுசாகப் பார்த்துவிட்டு நிம்மதியாக விளக்கை அணைக்கும். அமிர்திக்கு அது போதும்.