முதல் நாள் பதிவு: வெளிநாட்டில் படிக்கப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு

"பதிவு" என்ற சொல்லை எங்களில் பலர் பயத்தோடுதான் கேட்டு வளர்ந்தோம். கொழும்பில் அறை எடுத்தால் பொலிஸ் பதிவு. 2009இல் மெனிக் பாம் முகாமில் கம்பிவேலிக்குள் பதிவு. அதற்கு முன்னர் ஓமந்தையில், ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பதியுங்கள் என்றார்கள். அப்படிப் போன சிலரின் குடும்பங்கள் இன்றும் வீதியோரக் கொட்டகைகளில் படங்களோடு இருக்கின்றன. என் அப்பாவும் அங்கே பதியப் போனவர்.

2018 செப்டெம்பரில் ஊடகத்துறை முதுமாணிப் படிப்புக்காக லண்டன் போனேன். முதல் நாள் விரிவுரை இருக்கும் என்று நினைத்துக் கொப்பியும் பேனையுமாகப் போனால், அங்கே இருந்தது பதிவு. பெரிய மண்டபம், நீண்ட வரிசை. கடவுச்சீட்டை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் உத்தியோகத்தர்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

என் முறை வந்தபோது "மிஸ்" என்று சொல்லி, அந்தப் பெண் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் அது நான் என்று விளங்கியது. ஆணைக்குழுக்களின் மேசைகளில் மட்டுமே பல வருடமாக நான் சத்தமாகக் கேட்ட பெயர் அது.

காரணம் எளிது. எங்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கு ஓர் இடம், ஏனைய பெயர்களுக்கு ஓர் இடம். எங்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்த இடத்தில் தகப்பன் பெயர் போகிறது. அங்கே மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் அதைத்தான் கூப்பிடுவார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் "விரும்பும் பெயர்" என்று தனியாகப் பதியலாம். வகுப்பில் அந்தப் பெயரால் அழைப்பார்கள். ஆனால் கடவுச்சீட்டு, விசா, காஸ் எனப்படும் அனுமதி உறுதிப்பத்திரம் மூன்றிலும் பெயர் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். பிழை இருந்தால் புறப்படுவதற்கு முன்னரே திருத்துங்கள்.

இவ்வளவு இறுக்கமாகப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. பிரித்தானியாவில் மாணவர் விசாவுக்கு அனுசரணையாளர் பல்கலைக்கழகம்தான். குறித்த காலத்துக்குள் நீங்கள் பதியாவிட்டால், அது உள்துறை அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும், விசா ரத்தாகலாம். வகுப்புக்குத் தொடர்ந்து வராவிட்டாலும் அப்படித்தான். ஆகவே விமானம் பிந்தினாலோ, சுகமில்லாமல் போனாலோ, உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

நான் போன காலத்தில் விசா ஒரு பிளாஸ்ரிக் அட்டை. இப்போது அது மின்விசா. இணையக் கணக்கைத் திறந்து, "ஷெயார் கோட்" எனப்படும் குறியீட்டை எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டும். இதைப் பயணத்துக்கு முன்னரே பழகிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விடயங்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணமாக வருடத்துக்கு 776 பவுண் கட்டுகிறீர்கள். அதன் பயனைப் பெற, இருக்கும் இடத்துக்குக் கிட்டவுள்ள குடும்ப வைத்தியரிடம் முதல் வாரமே பதியுங்கள். பட்டப்படிப்பு மாணவர்கள் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். சுயதொழில் செய்யவே முடியாது. செயலி வழியாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் அங்கே சுயதொழில்தான். வேறொருவரின் கணக்கில் ஓடலாம் என்று ஊர்க்காரரே சொன்னாலும் இறங்காதீர்கள். கடன்பட்டு அனுப்பிய குடும்பத்தின் காசும் விசாவும் ஒன்றாகப் போய்விடும்.

என் பதிவு பத்து நிமிடத்தில் முடிந்தது. மாணவர் அட்டையோடு வெளியே வந்து அம்மாவுக்கு அழைத்தேன்.

"பதிஞ்சுபோட்டு விட்டுட்டினமோ, பிள்ளை?"

"ஓம் அம்மா. வெளியில நிக்கிறன். அட்டையும் தந்தவை."

"அட்டையில என்ன பேர் போட்டிருக்கு?"

வாசித்தேன். அப்பாவின் பெயர், பிறகு என்னுடையது. அம்மா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

"கவனமா வைச்சிரு," என்றார். "துலைச்சுப்போடாத."