பாங்கி இடிந்தது, பந்தல் ஆடியது!

மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். குடும்பத்துக்குள் நடக்கும் ஓரவஞ்சனையைச் சொல்ல எழுந்த பழமொழி அது. ஆனால், செல்வச் சீமான்களின் நாடு என்று பெயரெடுத்த அமெரிக்காவிலே, 2008ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் நடந்துகொண்டிருந்த வேளையிலே, அந்தப் பழமொழிக்கு ஒரு மாபெரும் விரிவுரை எழுதப்பட்டது. எழுதியவர்கள் பாங்கி முதலாளிகள்; எழுத்துக் கூலி கொடுத்தவர்கள் பொதுமக்கள்!

தேர்தல் காலம் என்றால் வாக்குறுதி மழை பொழியும், வசைமாரியும் பொழியும். நாட்டுக்கு நடக்கும் நோயைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. அமெரிக்காவும் அதற்கு விலக்கல்ல. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் பராக் ஒபாமா. குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன். இருவரும் களத்தில் மோதிக்கொண்டிருந்த செப்டம்பர் இரண்டாம் வாரத்திலே அந்த நாட்டை உலுக்கிய பெரும் பிரச்னை எது தெரியுமா? “பன்றிக்கு உதட்டுச் சாயம் பூசினாலும் அது பன்றிதான்” என்று ஒபாமா ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டார். அது எதிர்க்கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளரான சாரா பேலின் அம்மையாரைக் குத்திய பேச்சா, இல்லையா? இதுதான் வாதம்! விளம்பரங்கள் பறந்தன, விவாதங்கள் நடந்தன. வீட்டுக் கூரையிலே நெருப்பு. வாசலிலே கோலப் பொடி எந்த நிறம் என்று சண்டை!

அதற்கு அடுத்த வாரம், செப்டம்பர் 15ஆம் தேதி திங்கட்கிழமை, லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. 158 ஆண்டு வாழ்ந்த நிறுவனம். 60,000 கோடி டாலருக்கு மேல் கடன் வைத்துக்கொண்டு திவால் மனு கொடுத்தது. அதே நாளில் மெரில் லிஞ்ச் என்ற மற்றொரு பெரிய நிறுவனம், பாங்க் ஆஃப் அமெரிக்காவிடம் தன்னை விற்றுக்கொள்வதாக அறிவித்தது. அன்று தொடங்கி வாக்குப்பதிவு நாளான நவம்பர் 4 வரை, சரியாக 50 நாட்கள். அந்த 50 நாட்களிலே, இரண்டு கட்சிகளின் மேடைப் பந்தலும் ஆட்டம் கண்டது. ஒப்பனை கலைந்தது, உருவம் தெரிந்தது!

செங்கல் பொடி கலந்த மிளகாய்த் தூள்

பாங்கி ஏன் இடிந்தது? பெரிய படிப்பு படித்தவர்களுக்குத்தான் விளங்கும் என்று பயமுறுத்துவார்கள். பயப்பட வேண்டாம், தோழர்களே! மளிகைக் கடை அறிந்தவர்களுக்கு விளங்கும் கதைதான் இது.

வீடு வாங்கக் கடன் கொடுத்தார்கள். வருமானம் உண்டா, வேலை உண்டா என்று சரியாகக் கேட்காமலே கொடுத்தார்கள். ஏன் கேட்கவில்லை? கடன் கொடுத்தவன் அந்தக் கடனை வைத்துக்கொள்ளப் போவதில்லை. மறுநாளே விற்றுவிடப் போகிறான்! ஆயிரக்கணக்கான கடன் பத்திரங்களை ஒன்றாகக் கலந்து, மூட்டை கட்டி, துண்டு துண்டாக்கி, உலகமெங்கும் விற்றார்கள். மிளகாய்த் தூளிலே செங்கல் பொடி கலப்பது போல, தேறாத கடனைத் தேறும் கடனோடு கலந்தார்கள். முதல்தரச் சரக்கு என்று அதற்கு முத்திரை குத்தினவர்கள் யார்? தர நிர்ணய நிறுவனங்கள். அந்த நிறுவனங்களுக்குக் கட்டணம் கொடுத்தவர்கள் யார்? மூட்டையை விற்றவர்களேதான்! கலப்படக்காரனிடமே சம்பளம் வாங்கும் பரிசோதகன், கலப்படத்தைக் கண்டுபிடிப்பானா?

வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையிலே கட்டிய கோட்டை இது. விலை இறங்கியது, தவணை தவறியது, மூட்டைக்குள் இருந்த செங்கல் பொடி வெளியே கொட்டியது. கைமுதல் ஒரு டாலர் இருக்க, ஏறக்குறைய 30 டாலர் அளவுக்கு விளையாடிய லேமன் போன்றவர்கள், சிறு சரிவையும் தாங்க முடியாமல் சாய்ந்தார்கள். அந்த மூட்டைகளுக்கு ஜாமீன் நின்ற ஏஐஜி என்ற இன்ஷ்யூரன்ஸ் பூதமும் தள்ளாடியது. மறுநாளே, செப்டம்பர் 16ஆம் தேதி, அமெரிக்க மத்திய பாங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்து அதைத் தூக்கி நிறுத்தியது.

தவணை கட்டாத ஏழையிடம் பாங்கி என்ன சொல்லிற்று? “வெளியே போ! வீடு எங்களுடையது!”

கடனைக் கட்ட முடியாத பாங்கியிடம் சர்க்கார் என்ன சொல்லிற்று? “உள்ளே வாருங்கள், உட்காருங்கள், எவ்வளவு வேண்டும்?”

பொன்குடத்துக்கும் மண்குடத்துக்கும் உள்ள வேறுபாடு இப்போது புரிகிறதல்லவா!

மேடையிலே நடந்த கூத்து

லேமன் கவிழ்ந்த அதே நாளில், புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரத்திலே மெக்கெய்ன் பேசினார். நமது பொருளாதாரத்தின் அடித்தளம் வலுவாகவே இருக்கிறது என்ற பொருளிலே பேசினார். பங்கு மார்க்கெட் அன்று மட்டும் 500 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. சில மணி நேரம் கழித்து ஆர்லாண்டோ நகரத்திலே, அடித்தளம் என்று நான் சொன்னது அமெரிக்கத் தொழிலாளர்களை என்று அவரே விளக்கம் தரவேண்டி வந்தது. தொழிலாளி வலுவாகத்தான் இருக்கிறான், ஐயா! அவன் முதுகின்மீது எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதல்லவா கேள்வி?

மெக்கெய்ன் கோழையல்ல. வியட்நாம் போரில் பிடிபட்டு ஐந்தாண்டுக்கு மேல் சிறையில் வதைபட்டவர். ஆனால், போர்க்களத்து வீரம் வேறு. பணக்களத்து விவேகம் வேறு. செப்டம்பர் 24ஆம் தேதி அவர் ஒரு திடீர் அறிவிப்புச் செய்தார்: பிரசாரத்தை நிறுத்துகிறேன், வாஷிங்டன் போகிறேன், 26ஆம் தேதி நடக்கவிருக்கும் வாதப்போரைத் தள்ளிவையுங்கள் என்று. ஒபாமா மறுத்தார். ஜனாதிபதியாக வருபவர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட காரியத்தைக் கவனிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று பதில் சொன்னார்.

மறுநாள் வெள்ளை மாளிகையிலே ஜனாதிபதி புஷ் கூட்டம் கூட்டினார். இரு வேட்பாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். ஓடோடி வந்த மெக்கெய்ன் அங்கே அதிகம் பேசவில்லை. கூட்டம் கூச்சலிலே முடிந்தது. நிதி மந்திரி ஹென்றி பால்சன், சபாநாயகர் நான்சி பெலோசி அம்மையார் முன் ஒரு காலை மண்டியிட்டு, உடன்பாட்டைக் கெடுத்துவிடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டார். கோல்ட்மேன் சாக்ஸ் என்ற பெரும் நிறுவனத்தின் தலைவராக இருந்து மந்திரியானவர் இந்தப் பால்சன்! அன்று இரவே வாஷிங்டன் மியூச்சுவல் என்ற பாங்கி விழுந்தது. சொத்து 30,700 கோடி டாலர். அந்த நாட்டு வரலாற்றிலே அதுதான் மிகப் பெரிய பாங்கி வீழ்ச்சி. 26ஆம் தேதி வாதப்போர், குறித்தபடியே மிசிசிப்பியில் நடந்தது. மெக்கெய்னும் வந்து சேர்ந்தார். நிறுத்திய பிரசாரம் நின்றதாகவும் இல்லை. தீர்க்கப் போன சிக்கல் தீர்ந்ததாகவும் இல்லை!

மூன்று பக்கமும் மூங்கில் அம்பும்

பால்சன் முதலில் கொண்டுவந்த திட்டம் என்ன? 70,000 கோடி டாலர் கேட்டார். எத்தனை பக்கத்தில் கேட்டார்? மூன்றே பக்கத்தில்! நிதி மந்திரி எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று அதிலே ஒரு விதியும் எழுதியிருந்தார். பத்து ரூபாய் கைமாற்றுக் கேட்பவன்கூட இதைவிட அடக்கமாகக் கேட்பான்!

மக்கள் கொதித்தார்கள். கடிதமும் தொலைபேசி அழைப்புமாகக் குவிந்தன. தேர்தலுக்கு ஐந்து வாரம் இருந்ததால் அந்தக் குரல் சபைக்குள்ளும் கேட்டது. செப்டம்பர் 29ஆம் தேதி பிரதிநிதிகள் சபை அந்த மசோதாவை 205க்கு 228 என்ற கணக்கில் தோற்கடித்தது. எதிர்த்த 228 பேரில் 133 பேர் புஷ்ஷின் சொந்தக் கட்சிக்காரர்கள்!

பணச்சந்தை சும்மா இருக்குமா? அன்று ஒரே நாளில் 777 புள்ளிகள் சரிந்தது. வாக்குச் சீட்டுக்கு எதிராகச் சந்தை போட்ட வாக்கு அது! நான்கு நாள் கழிந்தது. மூன்று பக்கத் திட்டம் 450 பக்கத்தைத் தாண்டி வளர்ந்தது. என்னென்ன சேர்த்தார்கள்? பாங்கியில் பணம் போட்ட சாமானியருக்குச் சர்க்கார் தரும் உத்தரவாதத்தை 1 லட்சம் டாலரிலிருந்து 2.5 லட்சமாக உயர்த்தினார்கள், நல்ல காரியம். கூடவே, கார்ப் பந்தய மைதானங்களுக்குச் சலுகை. ரம் சாராயத்துக்குச் சலுகை. பிள்ளைகள் விளையாடும் மர அம்புக்கு வரிவிலக்கு! நாடு மூழ்குகிறது என்று சொல்லிக் கொண்டுவந்த மசோதாவிலே அம்புக்கு என்ன வேலை? ஆதரவு வாக்கைக் குறிபார்த்து அடிக்கத்தான்! அக்டோபர் 3ஆம் தேதி 263க்கு 171 என்று நிறைவேறியது. அன்றே புஷ் கையெழுத்திட்டார்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு நாள் முன்பு செனட் சபையிலே வாக்கெடுப்பு நடந்தபோது, ஒபாமாவும் ஆம் என்றார்; மெக்கெய்னும் ஆம் என்றார். மேடையிலே எதிரும் புதிரும். மசோதாவிலே இருவரும் ஒருபுறம்! அப்படியானால் வாக்காளன் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? ஒருவர் பதறினார், ஒருவர் பதறவில்லை; அதைத்தான் பார்த்தான். எட்டாண்டு ஆண்ட கட்சிமீது கோபமும் சேர்ந்தது. நவம்பர் 4ஆம் தேதி, 365 தேர்வாளர் வாக்குகளோடு ஒபாமா வென்றார். மெக்கெய்னுக்குக் கிடைத்தவை 173. அமெரிக்காவின் முதல் கறுப்பின ஜனாதிபதி! அடிமைச் சந்தை நடந்த நாட்டிலே அது சரித்திரம். அதன் மதிப்பை யாரும் குறைக்க முடியாது.

அச்சம் பரவும் நேரத்திலே வெறுப்பும் பரவும். குடியரசுக் கட்சிக் கூட்டங்களிலே ஒபாமாவைப் பற்றி அவதூறுகள் கிளம்பின. அக்டோபர் 10ஆம் தேதி மினசோட்டாவிலே, ஒரு மூதாட்டி அவரை அரபியர் என்று பழித்தபோது, மெக்கெய்னே ஒலிபெருக்கியை வாங்கி, அவர் கண்ணியமான குடும்பத் தலைவர், அவரோடு எனக்குள்ளது கருத்து வேறுபாடுதான் என்று மறுத்தார். தோற்கும் நேரத்திலே காட்டிய அந்தப் பண்பையும் பதிவு செய்வதே நியாயம்.

அன்று 1933, பிறகு 2009

பாங்கி நெருக்கடியிலே ஜனாதிபதித் தேர்தல் நடந்தது அதுதான் முதல் தடவையா? இல்லை. 1932ஆம் ஆண்டு ஹூவரை எதிர்த்து பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நின்றார். அப்போது ஆயிரமாயிரமாகப் பாங்கிகள் மூடிக்கொண்டிருந்தன. ரூஸ்வெல்ட்டும் பிரசாரத்திலே முழுத் திட்டத்தைச் சொல்லிவிடவில்லை. செலவைக் குறைப்பேன் என்றுகூடப் பேசினார். வென்றும் நான்கு மாதம் காத்திருந்தார். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள ஹூவர் அழைத்தார், ரூஸ்வெல்ட் மறுத்தார். இருவர் பிடிவாதத்துக்கும் இடையிலே மக்கள் பாங்கி வாசலில் வரிசை வரிசையாக நின்றார்கள்.

ஆனால், 1933 மார்ச் 4ஆம் தேதி பதவியேற்றவர் என்ன செய்தார்? இரண்டே நாளில் நாட்டுப் பாங்கிகள் அத்தனைக்கும் விடுமுறை விட உத்தரவிட்டார். 12ஆம் தேதி இரவு வானொலியிலே, பாங்கி என்றால் என்ன, உங்கள் பணம் எங்கே போகிறது என்று எளிய மொழியிலே விளக்கினார். 13ஆம் தேதி பாங்கிகள் திறந்தபோது, எடுத்த பணத்தை மக்கள் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் சட்டம் வந்தது: பொதுமக்கள் சேமிப்பை வாங்கும் பாங்கி வேறு, பங்குச் சூதாட்டம் ஆடும் நிறுவனம் வேறு என்று வேலி போட்டது, சேமிப்புக்கு இன்ஷ்யூரன்சும் தந்தது. செனட் விசாரணையிலே பெக்கோரா என்ற வழக்கறிஞர் பாங்கித் தலைவர்களைக் கூண்டிலே ஏற்றியதுபோல் கேள்வி கேட்டார். முதலில் விசாரணை, பிறகு சட்டம்!

அந்த வேலியை 1999ஆம் ஆண்டு பிடுங்கினார்கள். பிடுங்கியது எந்தக் கட்சி? இரண்டும்தான்! மசோதா கொண்டுவந்தவர்கள் குடியரசுக் கட்சியினர். கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி கிளிண்டன். அப்போது நிதி மந்திரியாக இருந்து அதை வரவேற்ற லாரன்ஸ் சம்மர்ஸ், 2009இல் ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர்! மாற்றம், மாற்றம் என்று முழங்கி வந்த ஆட்சியிலே, பழைய கணக்கப்பிள்ளை மாறவில்லை!

விளைவு? 2009 மார்ச்சில், மக்கள் பணத்தால் உயிர் பிழைத்த ஏஐஜி, தன் அதிகாரிகளுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வேலையில்லாதார் நூற்றுக்குப் பத்துப் பேர். லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. பெரிய பாங்கியின் தலைவர் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. சீர்திருத்தச் சட்டம் 2010 ஜூலையில் வந்தது. நெருக்கடிக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்த கமிஷனின் அறிக்கை 2011 ஜனவரியில் வந்தது. முதலில் மருந்து, பிறகு நாடி பார்ப்பது!

“பாங்கிகள் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டனவே, சர்க்காருக்கு லாபம்கூட வந்ததே” என்று வாதிப்பார்கள். உண்மைதான், பெரிய பாங்கிகள் கட்டின. ஏன் கட்ட முடிந்தது? விழும் நேரத்திலே கைகொடுத்துத் தூக்கினார்கள், அவகாசம் கொடுத்தார்கள். அதே கை, அதே அவகாசம், தவணை தவறிய தச்சனுக்கும் தாதிக்கும் கிடைத்திருந்தால் அவர்களும் கட்டியிருக்க மாட்டார்களா? நாணயம் மாடி வீட்டுக்கு மட்டும் சொந்தமா?

ஆகவே, தோழர்களே, அந்த 50 நாள் பிரசாரம் எந்த நாட்டு வாக்காளனுக்கும் ஒரு பாடம் சொல்கிறது. நெருக்கடியிலே யார் பதறவில்லை என்று பார்ப்பது தவறல்ல. அதோடு நிறுத்திவிடுவதுதான் தவறு. லாபம் வந்தபோது யார் பெட்டிக்குப் போயிற்று, நட்டம் வந்தபோது யார் தலையிலே விழப் போகிறது என்பதை மேடையிலே நிற்பவரிடம் வாக்குப் போடுமுன் கேட்க வேண்டும். எழுதி வாங்க வேண்டும். 228 பேரை ஒருநாள் “இல்லை” என்று சொல்லவைத்த மக்கள் குரலுக்கு வலிமை இல்லாமல் இல்லை. அது நான்கு நாளில் ஓய்ந்ததுதான் குறை. ஓயாத குரலுக்குத்தான் பாங்கிக் கதவும் திறக்கும். கோட்டைக் கதவும் திறக்கும்!