எல்லைக்கோடு அறியாத காடு

அச்சன்புதூரிலிருந்து மேற்கே நோக்கினால் நீலச் சுவர்போல மலை நிற்கிறது. இப்பக்கம் தமிழ்நாடு, அப்பக்கம் கேரளம். ஆனால் எல்லைக்கோடு வரைபடத்தில்தான் உண்டு. காட்டில் இல்லை!

அந்தக் கோடும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டை தாலுகாவின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. மனிதர் கோட்டை மாற்றினர். யானைகள் பழைய தடத்திலேயே நடந்தன.

மலைக்கு அப்பால் செந்துருணி சரணாலயம் 1984-ல் அமைந்தது. செங்குறிஞ்சி மரத்தால் வந்த பெயர் அது. உலகில் இந்தத் தென்கோடி மலைகளில் மட்டுமே வளரும் மரம்! இப்பக்கம் தெற்கே, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-ல் தோன்றியது.

இவற்றையெல்லாம் அடக்கி 2001-ல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் உருவாயிற்று. பரப்பு 3,500 சதுர கிலோமீட்டர். கேரளத்தில் 1,828, தமிழ்நாட்டில் 1,672. 2016-ல் யுனெஸ்கோவும் இதை ஏற்றது.

காண விரும்புவோர் தென்மலை வழியே செந்துருணி செல்லலாம். வனத்துறை அனுமதி அவசியம். மனிதருக்குத்தான் அனுமதி. காட்டுத்தீ யாரிடமும் கேட்டுக்கொண்டு எல்லை தாண்டுவதில்லை. இம்மலை மழையை நம்பியே குற்றால அருவியும் கீழ்நாட்டு வயல்களும் இருக்கின்றன. ஆகவே காவலும் இரு மாநிலத்தார் கூட்டுப் பொறுப்பே.