தறிக்காரர் கொடுத்த ஓரணா

சென்னையில் ஏறக்குறைய நூறு தறி ஓட்டிய முதலாளி பிட்டி தியாகராயர். தி.நகர் என்று நாம் சுருக்கிச் சொல்லும் பேட்டைக்குப் பெயர் தந்தவர். 1882இல் மாநகராட்சிக் கவுன்சிலரானார். 1919இல் அதன் தலைவரானார். மேயர் என்ற பட்டம் வந்தது 1933இல்தான். வேலை என்னவோ அதேதான். 1920இல் மாகாண முதல் மந்திரி பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர், மாநகராட்சி நாற்காலியை மட்டும் விடவில்லை. இங்கிலாந்து இளவரசரை 1922இல் வெள்ளை வேட்டியோடு வரவேற்ற கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். திருப்பூர்க்காரர்கள் கேட்கவேண்டிய கதை வேறு.

1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மன்றம் தீர்மானித்தது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது. ஏழைப் பிள்ளைகள், பசியால் பள்ளிக்கு வருவது குறைகிறது என்று வாதாடினார் தியாகராயர். பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் போனது. 1922-23இல் 811 பேர் படித்த அந்த ஐந்து பள்ளிகளில், 1924-25இல் 1,671 பேர். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய அரசு சம்மதிக்கவில்லை. 1925 ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டி நின்றது. அதே மாதம் 28ஆம் தேதி தியாகராயரும் மறைந்தார்.

 பனியன் ஊரான திருப்பூருக்கு வருவோம். 1917இல் நகராட்சி, 2008இல் மாநகராட்சி, இன்று 60 வார்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை. கட்டிங்கில் அப்பா, செக்கிங்கில் அம்மா; பிள்ளை எங்கே? 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், பள்ளிக்கு வந்த பிள்ளைக்குச் சோறு போடும். தமிழ் தெரியாமல், பாதி வருஷத்தில் ஊர் மாறி, தம்பியைப் பார்த்துக்கொண்டு அறையிலேயே கிடக்கும் பிள்ளையை யார் கூப்பிடுவது?

“அதெல்லாம் கார்ப்பரேஷன் வேலைங்க” என்பார்கள் முதலாளிகள். எங்கள் சங்கங்கள் குளம் தூர்வாரவில்லையா, மரம் நடவில்லையா என்றும் கேட்பார்கள். செய்தார்கள், நல்லதுதான். ஆனால் மரம் நட மனசு போதும். பள்ளி வைக்க, ஆசிரியர் போட, வரிப்பணத்தைத் திருப்பிவிட மன்றத்தில் ஒரு ஓட்டு வேண்டும். தியாகராயர் தம் கைக்காசில் தர்மம் செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், அது ஒரு முதலாளியின் தயவாக முடிந்திருக்கும். தீர்மானமாகப் போட்டதால் அது பிள்ளைகளின் பாத்தியதை ஆயிற்று. ஒருமுறை நின்றும், நூறு வருஷம் கழித்துக் காலை உணவுக்கு அதையே முன்னோடி என்கிறோம்.

டாலர் எண்ணத் தெரிந்த ஊருக்கு வார்டு எண்ணவும் தெரியவேண்டும். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் கட்சிக்கு நன்கொடை கொடுத்துவிட்டு ஒதுங்குவதை விட்டு, நாலு பனியன் முதலாளிகள் வேட்பு மனு போடட்டும். ஜெயித்தால் முதல் தீர்மானம், லைன் வீடு லைன் வீடாகப் போய்ப் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுப்பதாக இருக்கட்டும். தங்கள் கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்தே தொடங்கலாம்.