ஆஸ்துமா இழுப்பைத் தணிக்கும் மருந்துகளும் பக்கவிளைவுகளும்

கடுமையான ஆஸ்துமா இழுப்பின்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி அடைத்துக்கொள்கிறது. இறுகிய தசை சில நிமிடங்களில் மருந்துக்கு இணங்கிவிடும். வீக்கம் வடியப் பல மணி நேரமாகும். அதனால்தான் அவசரப் பிரிவில் ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. அவற்றின் பக்கவிளைவுகளும் வெவ்வேறு நேரத்தில் தலைகாட்டுகின்றன.

இழுப்பைத் தூண்டும் வீட்டுத் தூசி, சளிக்காய்ச்சல், பிரிக்பீல்ட்ஸ் போன்ற நெரிசல் பகுதிகளின் வாகனப் புகை ஆகியவற்றோடு, மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் சில ஆண்டுகளில் சுமத்திராவின் காட்டுத்தீப் புகையும் சேர்ந்துகொள்கிறது. 2005 ஆகஸ்ட்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மலேசிய அளவுகோலில் 300ஐத் தாண்டினாலே காற்று அபாயகரமானது.

முதலில் கொடுக்கப்படும் மருந்து சல்பியூட்டமால். 1969ல் விற்பனைக்கு வந்த இது, வென்டோலின் என்ற நீலநிற இன்ஹேலராகவே பலருக்கும் தெரியும். ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம் வெளிவரும். 5 நிமிடத்தில் தசை தளரத் தொடங்கும். பலன் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். லேசான அல்லது மிதமான இழுப்பில் முதல் ஒரு மணி நேரத்துக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை, இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் குழல் வழியாக 4 முதல் 10 அழுத்தல்கள் தரலாம் என்கிறது ‘ஜினா’ எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டி. மிதமான இழுப்புக்கு ஸ்பேசரும் மருந்தைப் புகைபோல் ஆக்கித் தரும் நெபுலைசரும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன. முகமூடி போட்டு நெபுலைசர் வைத்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கை மட்டும் கிளினிக்குகளை விட்டுப் போவதாயில்லை.

சல்பியூட்டமால் எடுத்ததும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்குத் தலை வலிக்கும். குழந்தைகள் நிலைகொள்ளாமல் திரிவார்கள். மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும் அதே மருந்து உடல் தசைகளையும் இதயத்தையும் தூண்டுவதே காரணம். சில மணி நேரத்தில் இவை தாமாக அடங்கும். கண்ணுக்குத் தெரியாத விளைவுகளே கூடுதல் கவனம் கேட்பவை. அளவு ஏற ஏற, இரத்தத்தில் உள்ள பொட்டாசியம் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயத்துடிப்பு தடுமாறலாம். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தொடர்ந்து நெபுலைசர் தரும்போது இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்வதும் உண்டு. அமிலத்தை வெளியேற்ற உடல் வேகமாக மூச்சு வாங்கும். அதை இழுப்பு மோசமாகிறது என்று எண்ணி மேலும் சல்பியூட்டமால் கொடுத்தால் அமிலம் இன்னும் ஏறும். நெஞ்சில் விசில் சத்தம் குறைந்தும் மூச்சிறைப்பு குறையாத நோயாளிக்கு மருத்துவர் இரத்தப் பரிசோதனை கேட்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

இழுப்பு கடுமையாக இருந்தால் நெபுலைசரில் இப்ராட்ரோப்பியம் சேர்க்கப்படும். பெரியவர்களுக்கு 500 மைக்ரோகிராம். வாய் வறளும். முகமூடி சரியாகப் பொருந்தாமல் மருந்துப்புகை கண்ணில் பட்டால் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்குக் கண் வலியும் பார்வை மங்கலும் வரலாம். புரோஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்களுக்குச் சிறுநீர் தடைபடலாம்.

வீக்கத்தை வடிப்பது ஸ்டீராய்டு. பெரியவர்களுக்கு பிரட்னிசோலோன் மாத்திரை நாளொன்றுக்கு 40 முதல் 50 மில்லிகிராம், 5 முதல் 7 நாள். குழந்தைகளுக்கு எடைக்கேற்ப, 3 முதல் 5 நாள். விழுங்க முடியாதவர்களுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி. பலன் தெரியக் குறைந்தது 4 மணி நேரமாவதால் தாமதிக்காமல் தொடங்க வேண்டும். ஸ்டீராய்டு என்றாலே எலும்பு தேயும், முகம் ஊதும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஒரு வாரத்துக்கு அந்தப் பயம் பொருந்தாது. பசி, தூக்கமின்மை, எரிச்சல், வயிற்றெரிச்சல் ஆகியவையே அதற்குள் வரக்கூடியவை. நீரிழிவு உள்ளவர்களின் நிலை வேறு. சர்க்கரை, குறிப்பாக மதியத்துக்குப் பின், வெகுவாக ஏறும். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இங்கே இது சின்ன விஷயமல்ல. அந்த நாள்களில் சர்க்கரையை அடிக்கடி பார்த்து, தேவைப்பட்டால் மருந்தளவை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு வருடம் இத்தகைய சுற்றுகள் கூடிக்கொண்டே போனால் எலும்புத் தேய்மானமும் கண்புரையும் உண்மையாகவே நெருங்கும்.

இவற்றுக்கும் அடங்காத இழுப்புக்கு மருத்துவமனையில் மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், 20 நிமிடத்தில், இரத்தநாளத்தில் ஏற்றப்படும். உடல் சூடேறிச் சிவப்பதும் இரத்த அழுத்தம் இறங்குவதும் அதன் விளைவுகள். பழைய அமினோபிலின் இப்போது வழக்கொழிந்து வருகிறது. பலனளிக்கும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வாந்தி முதல் வலிப்பு வரை வரலாம். வீட்டில் அதே வகையைச் சேர்ந்த தியோபிலின் மாத்திரை எடுப்பவர் எரித்ரோமைசின் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் சேர்த்து எடுத்தாலும் இதே ஆபத்து. ஆக்சிஜனும் அளவோடுதான்: பெரியவர்களுக்கு இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 93 முதல் 95 விழுக்காடு இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு தேங்கலாம். பதற்றம் தணியட்டும் என்று தூக்க மருந்து கொடுப்பது தவறு. அது மூச்சையே அடக்கிவிடும். இழுப்பின் நடுவே நோயாளி தானாகச் சொக்குவதும், ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாததும், உதடு நீலமாவதும் 999ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்.

வருடத்துக்கு 3 அல்லது அதற்கு மேற்பட்ட நீல இன்ஹேலர்களைத் தீர்ப்பவர்களுக்குக் கடும் இழுப்பின் வாய்ப்பு கூடுகிறது. 12ஐத் தொட்டால் மரண ஆபத்தும் கூடுகிறது. அதனால் 2019 முதல் ஜினா, பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் சல்பியூட்டமாலை மட்டும் தருவதைப் பரிந்துரைப்பதில்லை. உறிஞ்சும் ஸ்டீராய்டும் உடன் வேண்டும் என்கிறது. புடசோனைடும் ஃபார்மோட்டெராலும் கலந்த இன்ஹேலர் அதற்கு ஒரு வழி. குரல் கம்முவதும் வாயில் வெண்படலம் படிவதும் இதன் தொல்லைகள்; தடுப்பு மருந்தாகத் தினமும் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது.