குளிசைச் சிமிழும் குடும்பத்தார் கடமையும்

"வெள்ளைச் சுவரெல்லாம் மஞ்சளாகத் தெரிகின்றதே" என்று எம் பெரியம்மா ஒரு நாட்காலை கூறியபோது, அது முதுமையால் வந்த கண்மங்கல் என்றெண்ணி நாம் வாளாவிருந்துவிட்டோம். முன்னிரு தினங்களாக அவருக்கு உணவில் விருப்பமில்லை. குமட்டலும் வாந்தியும் இருந்தன. கொத்தமல்லி அவித்துக் கொடுத்ததோடு எம் கடமை முடிந்ததென்றிருந்தோம். அயலிலுள்ள தாதியொருவர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார். நிமிடத்துக்கு 42 துடிப்புக்களே இருக்கக் கண்டு, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுமாறு பணித்தார். அங்குதான் உண்மை புலனாயிற்று. இருதயத்துக்கென அவர் உட்கொண்ட டிஜொக்சின் என்னும் மருந்தே உடலில் மிகுந்துவிட்டது.

இம்மருந்தின் வரலாறு பழையது. இங்கிலாந்திலே ஒரு மூதாட்டி நீர்வீக்கத்துக்குக் கொடுத்துவந்த இரகசிய மூலிகைக் கலவையை ஆராய்ந்த வில்லியம் விதரிங் என்னும் வைத்தியர், அதிலுள்ள டிஜிட்டாலிஸ் செடியே பயன் தருவதெனக் கண்டு, 1785ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அளவு மிஞ்சினால் வாந்தியுண்டாகும், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும், நாடி தளரும் என்பவற்றையும் அவர் அன்றே எழுதிவைத்தார். அந்நூலை அறிந்திருந்தோமேல் பெரியம்மாவின் சொல்லை அலட்சியம் செய்திருக்கமாட்டோம்.

இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும்போது கீழறைகளும் அளவுக்கு மீறி விரைந்து துடிக்கும். மேலிருந்து கீழே செல்லும் தூண்டுதலைத் தாமதப்படுத்தி அவ்விரைவைத் தணிப்பது டிஜொக்சின். இன்று வேறு மருந்துகள் பல வந்துவிட்டபோதிலும் இதுவும் வழக்கிலுள்ளது. ஒரு சிறு குளிசையில் 125 மைக்கிரோகிராம், அதாவது ஒரு கிராமில் எண்ணாயிரத்திலொரு பங்கே உண்டு. பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. இதனைப் பெரும்பாலும் வெளியேற்றுவது சிறுநீரகமாதலின், முதுமையில் அது தளரும்போது மருந்து உடலிலே தேங்கும்.

பெரியம்மாவுக்கு நேர்ந்த பிழைகள் மூன்று. மறந்த நாளின் குளிசையையும் சேர்த்து மறுநாள் இரண்டாக விழுங்கியது ஒன்று. சிறுநீரைப் பெருக்கும் குளிசையால் உடலின் பொட்டாசியம் குறைந்திருந்தது மற்றொன்று. இருமலுக்கென்று சில கிழமைகளாக நாமே கொடுத்த அதிமதுரக் கஷாயம் மூன்றாவது. அதுவும் பொட்டாசியத்தைக் குறைப்பது. பொட்டாசியம் குறைந்தால் டிஜொக்சினின் நஞ்சு மிகும்.

ஆதலின் வாசகர்கள் சிலவற்றை மனத்திற் கொள்வாராக. மருந்தை நாள்தோறும் ஒரே வேளையில் உட்கொள்க. தவறியதற்கு ஈடாக இரட்டிப்பாக உட்கொள்ளற்க. தாமாக நிறுத்துவதும் கூடாது. நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுக. 60க்குக் குறைந்தாலோ, குமட்டல், மயக்கம், பார்வையில் நிறமாற்றம் தோன்றினாலோ, அடுத்த குளிசைக்கு முன் வைத்தியரை நாடுக. வெரபமில், அமியோடரோன் போன்ற இருதய மருந்துகளும் கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் டிஜொக்சினின் அளவை உயர்த்துமாதலின், உட்கொள்ளும் யாவற்றையும், கஷாயம் உட்பட, வைத்தியருக்குக் கூறுக. இரத்தத்திலுள்ள மருந்தளவைச் சோதிப்பதாயின் குளிசை உட்கொண்டு ஆறு மணித்தியாலமாவது கழிந்திருத்தல் வேண்டும்.

மூலிகையாயின் தீங்கில்லை என்பாருமுளர். எம் வேலியோரங்களில் மஞ்சட் பூப் பூக்கும் அலரியிலுள்ள கொடிய நஞ்சு டிஜொக்சினின் இனத்ததே என்பதை அவர் அறிவாராக.

பெரியம்மா நலமுற்று இல்லந் திரும்பினார். இப்பொழுது அவருடைய பேர்த்தி, பாடசாலைக்குப் புறப்படுமுன் நாடியை எண்ணிக் கொப்பியில் எழுதிவைத்த பின்னரே குளிசையைக் கையிற் கொடுக்கின்றாள். மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்து முதியோருக்கும் இவ்வுதவியைச் செய்யலாமன்றோ? அதற்கு வேண்டுவன ஒரு கடிகாரமும் சிறிது அன்புமே.